பொய்க்குழி

குல்பஸ் என்றால் ‘பூ போதும்’ என்று பொருள். நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, இனியாவது ஒரு பையனைக் கொடு என்று மேலே இருப்பவனுக்கு நினைவூட்ட அவளுடைய அப்பா வைத்த பெயர் அது. மேலே இருப்பவன் காதில் விழவில்லை. ஆறாவதும் பெண்தான். ஈரானின் மேற்கு மலைப்பக்கத்து லோர் இனக் குடும்பங்களில் தெருவுக்கு ஒரு குல்பஸ் இருப்பாள் என்பதால் ஊரில் யாரும் அந்தப் பெயரைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கல்லூரியில் முதல் நாள் பெயர் கூப்பிட்ட விரிவுரையாளர்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“போதும்னு பேர் வச்சும் இவ்வளவு தூரம் வந்துட்டியேம்மா!”

“அவங்களுக்குத்தான் போதும் உஸ்தாத். எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்றாள் அவள். வகுப்பு சிரித்தது. சிரிக்க வைப்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை.

அவள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் அவள்தான். படிப்பது காட்டியல். அவளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து விட்டவன் பெரியம்மா மாஹ்ஜானின் மகன் யாதுல்லா. மோட்டார் சைக்கிளின் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய மெத்தை. மலைப்பாதை முழுக்க அவன் வாய் ஓயவில்லை. “மரத்தைப் பத்திப் படிக்க நாலு வருஷமா? எங்கிட்ட கேட்டிருந்தா ஆடு மேய்க்கிற நேரத்துல ஒரே மதியத்துல சொல்லிக் கொடுத்திருப்பேனே!” வாசலில் இறக்கிவிட்டுக் காவலாளியிடம், “எங்க வீட்டு டாக்டரை விட்டுட்டுப் போறேன், கீறல் படாம பார்த்துக்கோங்க” என்றான். அவள் விடுதிக் கட்டடத்துக்குள் மறையும்வரை வண்டியைக் கிளப்பவில்லை.

இந்தக் கோடையில் கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் மலையின் மறுபக்கம் தீப்பிடித்தபோது, பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு தீயை அடிக்க ஓடிய ஊர்க்காரர்களில் யாதுல்லாவும் ஒருவன். காற்று திரும்பியது. மூன்று பேர் திரும்பி வரவில்லை. அந்த மூவரில் யாதுல்லாவும்.

அந்த மலையின் இந்தப் பக்கம் சில கோடைகளுக்கு முன்பே எரிந்து மொட்டையாகக் கிடந்தது. சென்ற வருடம் இலையுதிர் காலத்தில் கல்லூரிப் பசுமை மன்றத்தார் அங்கே ஓக் எனப்படும் கருவாலி மரத்தின் கொட்டைகளை நட்டார்கள். வளாகத்துக் கருவாலி மரங்களின் கீழே, தொப்பி போட்ட கட்டைவிரல்கள் போலக் கிடக்கும் கொட்டைகளைச் சாக்குச் சாக்காகப் பொறுக்கி, வரிசை பிடித்து, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் நட்டவர் பெயர் எழுதிய குச்சியை ஊன்றினார்கள். குல்பஸ்ஸும் ஒன்று நட்டாள்.

இலையுதிர் காலம் தொடங்கும் மெஹர் மாதம் பிறந்து கல்லூரி திறந்ததும் அவள் அறைத்தோழி தரானேயை இழுத்துக்கொண்டு அந்த மலைக்குத்தான் போனாள். தரானே இஸ்ஃபஹான் நகரத்துக்காரி. ஏற்றம் என்றால் படிக்கட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

“ஏண்டி, நட்டதே பெரிசு. நட்டுட்டு வருஷம் கழிச்சு வந்து நலம் வேற விசாரிக்கணுமா?”

“பேசாம வா.”

மலையில் நலம் விசாரிக்க எதுவும் இல்லை. குச்சிகள் சாய்ந்தும் ஒடிந்தும் கிடந்தன. ஒவ்வொரு குச்சியின் காலடியிலும் ஒரு குழி. குழியைச் சுற்றிக் காய்ந்து இறுகிப்போன சேற்றில் காட்டுப்பன்றிக் குளம்பின் தடம். போன குளிர்காலத்திலேயே விருந்து முடிந்துவிட்டது. குல்பஸ் வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள். ஒரு தளிர்கூட இல்லை.

தரானே தன் குச்சியைக் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டினாள். “பாரேன், ஒரு ஆளைக்கூட விடல! கல்யாண வீட்டுல பேர் எழுதி இடம் போட்டு வச்ச மாதிரி வரிசையா உக்காந்து சாப்பிட்டிருக்கு.” சிரித்துக்கொண்டே திரும்பியவள் குல்பஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டாள். “என்னடி?”

“இந்த வருஷம் யாதுல்லா அண்ணனுக்கு நடப் போறாங்க” என்றாள் குல்பஸ்.

மன்றத் தலைவன் சியாவஷ் ஷீராஸ்காரன். நன்றாகப் பேசுவான், பேசியதைச் செய்யவும் செய்வான். அந்த வாரக் கூட்டத்தில் எல்லாம் தயாராக வைத்திருந்தான். அடுத்த மாதமான ஆபானின் கடைசியில் நடவு நாள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள். தீயில் போன மூவரின் அம்மாக்களும் முதல் மூன்று கொட்டைகளை நடுவார்கள். பிள்ளைகளின் பெயர் எழுதிய குச்சிகளைத் தச்சனிடம் சொல்லிச் செதுக்கியே வாங்கியிருந்தான்.

குல்பஸ் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசுவதென்றால் அவளுக்கு இன்றைக்கும் கழுத்து சிவந்துவிடும். “போன வருஷம் நட்டதுல ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் பன்னி தின்னுடுச்சு.”

“ஒண்ணுகூடவா? முழுக்கப் பார்த்தீங்களா, குல்பஸ் கானும்?” என்று மரியாதை குறையாமல் கேட்டான் சியாவஷ்.

“பார்த்தேன்.”

“சரி, இந்தத் தடவை ஆழமா நடுவோம்.”

“ஆழம் இல்லங்க, குச்சி. குச்சி இருக்கிற இடத்துல சாப்பாடு இருக்குன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாமதான் சொல்லிக் கொடுத்திருக்கோம்.”

சியாவஷ் செதுக்கிய குச்சிகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். “பேர் வேண்டாம்னு சொல்றீங்களா? அந்த அம்மாங்ககிட்ட, உங்க பிள்ளையோட மரம் மலையில எங்கேயோ இருக்குன்னு சொல்ல முடியுமா? உங்க பெரியம்மாகிட்ட நீங்க சொல்வீங்களா?”

அவள் உட்கார்ந்தாள்.

“நான் பிடிவாதம் பிடிக்கல. வேற வழி இருந்தா கொண்டு வாங்க. நடவு நாள் வரைக்கும் நேரம் இருக்கு.”

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். யாதுல்லாவுக்கு ஒரு மரம் வளர வேண்டும் என்பதா தனக்கு முக்கியம், இல்லை கூட்டத்தில் தான் சொன்னது சரி என்று ஆக வேண்டும் என்பதா? வீட்டில் எதற்கும் வாய் திறக்காத பெண், நாலு புத்தகம் படித்ததும் எழுந்து நின்று பேசுகிறாளே, இது அறிவா திமிரா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. தீயில் போனவன் பெயரில் நடுகிற கொட்டை பன்றி வயிற்றுக்குப் போகக் கூடாது. மற்றதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

விடுதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் ஒரு சரிவு உண்டு. வேலி போட்டதால் ஆடு நுழையாது. பழைய கருவாலிகளும் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நெருங்கி நிற்கும். அந்தச் சரிவில் பருவம் மாறுவதைக் கவனிப்பதுதான் அவளுடைய கடைசி வருட ஆய்வு. காலையில் வகுப்புக்கு முன்னால், தேநீர்க் குவளையைச் சால்வைக்குள் பொத்திக்கொண்டு ஒரு பாறையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

மெஹர் நகர நகரச் சரிவின் நிறம் தேய்ந்த செம்புப் பாத்திரம் போல ஆகிக்கொண்டு வந்தது. காட்டு ரோசாச் செடிகளில் சிவப்புக் காய்கள் மட்டும் மிச்சம். கோடை முழுக்க மின்கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த பஞ்சுருட்டான் பறவைகள் ஒரு நாள் காலை எல்லாமாகக் கிளம்பித் தெற்கே போய்விட்டன. கம்பி திடீரென்று நீளமாகத் தெரிந்தது. விடுதியின் தகரக் கூரையில் கொட்டைகள் டொக் டொக்கென்று விழத் தொடங்கின. மேலிருந்து யாரோ கல்லெறிவதாக முதல் வருட மாணவிகள் காப்பாளரிடம் புகார் சொன்னார்கள்.

கொட்டை விழத் தொடங்கியதும் அணில்களுக்குக் கை ஓயவில்லை. முதுகில் கோடில்லாத, செம்பழுப்பு வயிற்று மலை அணில்கள். அவற்றில் ஒன்றுக்கு வால் நுனி இல்லை. எந்த நாயிடம் கொடுத்துவிட்டு வந்ததோ. மொட்டைவால் என்று தரானே பெயர் வைத்தாள்.

ஒரு நாள் மொட்டைவால் கொட்டையைக் கவ்விக்கொண்டு திறந்தவெளிக்கு வந்தது. முன்கால்களால் மளமளவென்று குழி பறித்தது. மூக்கை உள்ளே விட்டது, மண்ணைத் தள்ளி மூடியது, இரண்டு கையாலும் தட்டியது, ஒரு காய்ந்த இலையை எடுத்து மேலே போர்த்தியது. அது போனதும் குல்பஸ் அந்த இடத்தைக் கிளறிப் பார்த்தாள். குழி வெறுமையாக இருந்தது.

தவறான இடத்தைக் கிளறிவிட்டோம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் வெறுங்குழி. ‘இந்த அணிலுக்குப் புத்தி பிசகிவிட்டது’ என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் விளக்குக் கம்பத்தின் மேல் இருந்த மேக்பை என்ற காக்கை இனப் பறவை கண்ணில் பட்டது. கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு, அவளைப் போலவே அதுவும் மொட்டைவாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அவள் குழியை விட்டுவிட்டு அணிலின் வாயைப் பார்த்தாள். குழியை மூடித் தட்டிவிட்டுக் கிளம்பும்போதும் கன்னம் புடைத்தே இருந்தது. கொட்டையை அது வாயைவிட்டு எடுக்கவே இல்லை! முட்புதர் ஒன்றின் பின்னால் நுழைந்தது. தட்டலும் இல்லை, இலைப் போர்வையும் இல்லை. ஒரு குத்து, ஒரு அழுத்து, காரியம் முடிந்தது. இதற்குள் மேக்பை பறந்துவந்து திறந்தவெளிக் குழியைப் பிய்த்துப் போட்டது. உள்ளே ஒன்றுமில்லை என்றதும் கிறீச் கிறீச்சென்று அது திட்டிய திட்டில் ஆய்வுக்கூடத்து ஜன்னல் ஒன்று திறந்துகொண்டது.

குல்பஸ் வாயைப் பொத்திக்கொண்டு பாறையிலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கோடைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் குவளையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

“தரானே, எழுந்திரு. மலைக்குப் போறோம்.”

“மறுபடியுமா? எங்கம்மா என்னை இஞ்சினியர் ஆக்கலாம்னு பார்த்தாங்க. கேட்டிருக்கலாம்.”

மலையில் வரிசை பிடித்துக் குச்சிகளை ஊன்றினார்கள். குச்சிக்கடியில் குழி பறித்து, ஒன்றும் போடாமல் மூடி, நன்றாகத் தட்டிவிட்டார்கள். எரிந்தும் சாகாமல் வேரிலிருந்து மறுபடி துளிர்த்திருந்த காட்டு வாதுமைப் புதர்களின் முள்ளுக்கு நடுவில் கையை விட்டுக் கொட்டைகளை அழுத்தினார்கள். அங்கே அடையாளம் எதுவும் வைக்கவில்லை. தரானேயின் இரண்டு கையும் கீறல்.

ஆபான் பிறந்து முதல் மழை பெய்தது. இலையே இல்லாமல் வெறும் தரையிலிருந்து இளஞ்சிவப்புப் பூக்கள் நிமிர்ந்தன. மழை விட்டதும் போய்ப் பார்த்தார்கள். எல்லாக் குச்சியும் சாய்ந்திருந்தது, எல்லாக் குழியும் உழுதுபோட்டிருந்தது. முட்புதருக்குள் வைத்தது வைத்தபடி.

தரானே குதித்தாள். குல்பஸ் குதிக்கவில்லை. “ஒரு தடவை நடந்ததை வச்சு எதையும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் இன்னொரு தடவை.”

“நீ கல்யாணத்துக்கும் இப்படித்தான் இன்னொரு தடவை பார்க்கணும்பியா?”

இரண்டாவது தடவை புதரில் வைத்ததிலும் இரண்டு காணாமல் போயிருந்தன. குல்பஸ்ஸுக்கு அது ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. எல்லாமே தப்பித்திருந்தால் தன்னையே நம்பியிருக்க மாட்டாள்.

சியாவஷை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவன் குந்தி உட்கார்ந்து வெறுங்குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ ஆட்சியர் அலுவலகத்துல இருந்து வர்றவங்களை, கேமரா முன்னாடி வெறும் குழியை மூடச் சொல்றீங்க.”

“அவங்களுக்கு என்ன புதுசா? வருஷம் பூரா அதானே செய்றாங்க!” என்றாள் தரானே.

சியாவஷ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தான். பிறகு நிமிர்ந்தான். “விருந்தாளிங்களை ஏமாத்தலாம். அந்த அம்மாங்களை ஏமாத்தக் கூடாது. முன்னாலேயே சொல்லிடணும். ரெண்டு பேர்கிட்ட நான் பேசுறேன். உங்க பெரியம்மாகிட்ட நீங்கதான் பேசணும். அவங்க சரின்னாதான்.”

“பேசுறேன். இன்னொண்ணு. கீழே அணிலுங்க இருக்கிற சரிவுல இந்த வருஷம் யாரும் கொட்டை பொறுக்கக் கூடாது.”

“அது எதுக்கு?”

“சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்குச் சம்பளம் வேணாமா?”

மாஹ்ஜான் பெரியம்மா நடவு நாளன்று காலை ஊர்க்காரரின் வண்டியில் வந்து இறங்கினாள். உச்சி முதல் உள்ளங்கால்வரை கறுப்பு. மடியில் துணி சுற்றிய கருவாலி மாவு ரொட்டி. “தின்னு. இங்க உனக்கு என்னத்தைப் போடுறாங்களோ, எலும்பா நிக்கிற.”

சரிவோரத்துக் கல்லில் உட்கார வைத்து, ரொட்டியைப் பிட்டுக்கொண்டே குல்பஸ் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் பெரியம்மாவுக்குப் பிடிக்காது. போன வருடக் குச்சிகள், பன்றி, வெறுங்குழி, புதர்.

பெரியம்மா எழுந்து நின்றுவிட்டாள். “தீயில போனவனுக்குப் பன்னிகிட்டயும் தப்பிக்கணும்னு இருக்கா? என் பிள்ளை பேரை வெறும் மண்ணு மேல நட்டுவச்சு, அதைப் பார்த்து நான் நெஞ்சுல அடிச்சுக்கணுமா? இதுக்குத்தான் படிச்சியாடி நீ?”

குல்பஸ்ஸின் கழுத்து சிவந்தது. ‘சரி பெரியம்மா, உங்க இஷ்டம்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த நிமிடமே எல்லாம் லேசாகிவிடும். யாதுல்லாவின் கொட்டை குளிர்காலத்தைத் தாண்டாது. சொல்லை விழுங்கினாள்.

“குச்சிக்கடியில வைச்சா தின்னுடும் பெரியம்மா. நான் பார்த்தேன். உங்க மனசு நோகுதேன்னு, தெரிஞ்சும் நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க என்னைத் திட்டுங்க. அண்ணனுக்கு ஒரு மரம் வரணும்.”

“எனக்கு இடம் தெரியணும். வந்தா கை வைக்க ஒரு இடம்.”

“தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே மொட்டைவால் திறந்தவெளியில் குழி பறித்துக்கொண்டிருந்தது. மேக்பை கம்பத்தில் தயாராக இருந்தது. அணில் தட்டியதையும், புதருக்குப் போனதையும், மேக்பை வந்து ஏமாந்ததையும் பெரியம்மா முழுக்கப் பார்த்தாள்.

“திருட்டுப் பயலே” என்றாள் அணிலைப் பார்த்து. யாதுல்லாவை அவள் திட்டுகிற அதே குரல்.

நடவு நடந்தது. விருந்தாளிகள் ஒவ்வொருவரும் வெறுங்குழியை மிகுந்த பக்தியோடு மூடினார்கள். ஒருவர் தண்ணீர்கூட ஊற்றினார். தரானே இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா தன் முறை வந்தபோது யாதுல்லாவின் பெயர் செதுக்கிய குச்சியை நேராக ஊன்றினாள், மண்ணைத் தள்ளினாள், இரண்டு கையாலும் தட்டினாள். கடைசியில் ஒரு காய்ந்த இலையைத் தேடி எடுத்து மேலே வைத்தாள். மற்ற இரண்டு அம்மாக்களும் அவளைப் பார்த்து ஆளுக்கொரு இலை எடுத்தார்கள்.

கூட்டம் தேநீருக்கு இறங்கியதும் பெரியம்மா குல்பஸ்ஸின் கையைப் பிடித்தாள். மற்ற இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு புதரைத் தேடிப் போக, இருவரும் ஆள் கண்ணில் படாத மேட்டுக்கு ஏறினார்கள். இடுப்புத் துணி மடிப்பிலிருந்து பெரியம்மா ஒரு கொட்டையை எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால், யாதுல்லா வண்டி நிறுத்துகிற மரத்துக் கொட்டை.

“திரும்பி நில்லு.”

“பெரியம்மா, முள்ளு இருக்கு, நான் வேணா...”

“எல்லாத்தையும் உத்து உத்துப் பார்த்தது போதும். திரும்புடி.”

குல்பஸ் திரும்பிக்கொண்டாள். கீழே வளாகம் முழுவதும் தெரிந்தது. செம்பு நிறச் சரிவு, தகரக் கூரை, விளக்குக் கம்பம், தேநீர்ப் பாத்திரத்தைச் சுற்றி எறும்புகள் போல மாணவர்கள். முதுகுக்குப் பின்னால் கல் நகரும் சத்தம் கேட்டது. முள்ளில் துணி கிழிந்தது. பிறகு தாழ்ந்த குரலில் ஒரு முணுமுணுப்பு. ஒப்பாரியா, ஏச்சா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு மாதமாக எதையும் பார்க்காமல் விடாதவளுக்குத் திரும்பாமல் நிற்பது எளிதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியம்மா மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “எந்தப் புதர்னு கேட்காதே.”

“கேட்கல.”

பாதி இறக்கத்தில் பெரியம்மா நின்றாள். “வயசாச்சு. ஒருவேளை நானே மறந்துட்டேன்னா?”

“மறந்தாலும் அது வளரும் பெரியம்மா. அந்தச் சரிவுல நிக்கிற மரத்துல பாதி, அணிலுங்க வச்சுட்டு மறந்ததுதான்.”

பெரியம்மா சரிவை இன்னொரு தடவை பார்த்தாள். “அப்போ ஞாபகம் வச்சுக்கிறேன்” என்றாள். என்ன கணக்கில் சொன்னாளோ, இறங்கிப் போய்த் தேநீரில் இரண்டு கட்டி சர்க்கரை வாங்கிக் குடித்தாள்.

அடுத்து வந்த ஆதர் மாதத்தில் சரிவு முழுக்க மொட்டையானது. முதல் உறைபனி விழுந்த காலை குல்பஸ் தனியாக மலைக்குப் போனாள். பன்றிகள் வந்துவிட்டுப் போயிருந்தன. விருந்தாளிகள், மாணவர்கள் என்று யார் பெயரையும் மதிக்காமல் உழுதிருந்தன. யாதுல்லாவின் குச்சி குப்புறக் கிடந்தது; அதன் குழி மற்றதைவிட ஆழமாகத் தோண்டப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அவளுடைய கண் தானாக மேட்டுப் புதர்களின் பக்கம் போனது. ஒவ்வொரு புதராகப் போய்ப் பார்த்துவிடலாம். கிளறிய மண் இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஆய்வு செய்கிறவள் பார்க்கத்தானே வேண்டும்? ஓரடி எடுத்து வைத்தவள் நின்றாள். அங்கே அடிக்கடி ஓர் ஆள் போய்வந்தால் அந்தத் தடமே ஒரு குச்சி. அதுவும் ஒரு காரணம். முதல் காரணம், திரும்பி நில் என்று பெரியம்மா சொன்னது. இந்தப் பக்கம் திரும்பலாம் என்று இன்னும் சொல்லவில்லை.

அவள் குனிந்து குச்சியை எடுத்தாள். செதுக்கிய எழுத்துகளுக்குள் அடைந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். அதே குழியில் நேராக ஊன்றி, மண்ணைத் தள்ளி, இரண்டு கையாலும் நன்றாகத் தட்டினாள். இலை ஒன்றைத் தேடி மேலே வைத்தாள். குளிர்காலம் இன்னும் முழுசாகக் கிடந்தது. பன்றி மறுபடி வரும். வரட்டும். அவளும் வருவாள்.

கீழே வகுப்பு மணி அடித்தது. மண் கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டு அவள் இறங்கத் தொடங்கினாள்.